500 பவர், 625 பவர்: ஆன்டிபயாடிக் கிருமியின் எந்த இடத்தில் அடிக்கிறது?

அத்தைக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். நாலு மாதத்துக்கு முன்னால் தொண்டை வலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் 500 மாத்திரைகளை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு நாள் அதைப் போட்டும் எரிச்சல் குறையவில்லை. அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். "இது 500 பவர்தானேப்பா, அதான் கேக்கல போல. 625 பவர் வாங்கிப் போடட்டுமா?"

நுண்ணுயிரியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. எந்த மருந்துக்கடை வாசலிலும் பத்து நிமிடம் நின்றால் "கொஞ்சம் பவரா குடுங்க" என்ற குரல் காதில் விழும். 500 என்பது மருந்தின் எடை, 500 மில்லிகிராம், அவ்வளவுதான். ஒரு மருந்தின் 500 மில்லிகிராமையும் இன்னொரு மருந்தின் 200 மில்லிகிராமையும் பக்கத்தில் வைத்து எது பலசாலி என்று கேட்க முடியாது. அத்தையின் தொண்டையில் இருந்த கிருமியும் சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமியும் வேறு வேறு இனம். இரண்டின் உடம்பும் வேறு வேறு விதமாகக் கட்டப்பட்டவை. மருந்து வேலை செய்வதும் செய்யாததும் அந்தக் கட்டுமானத்தைப் பொறுத்தது. அதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அடிப்படைச் சிக்கல். கிருமியைக் கொல்வது கஷ்டமே இல்லை. பினாயில் கொல்லும், கொதிக்கிற தண்ணீர் கொல்லும். நம் உடம்புக்குள் நம் உயிரணுக்களோடு கலந்து கிடக்கிற கிருமியை மட்டும் தேடிக் கொல்வதுதான் கஷ்டம். அதற்கு, கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று வேண்டும். பாக்டீரியாவிடம் அப்படிப்பட்டவை சில உண்டு. அவற்றில் முதலாவது, அதைச் சுற்றியுள்ள சுவர்.

நம் உயிரணுக்களுக்கு மெல்லிய சவ்வுதான் எல்லை. பாக்டீரியாவுக்குச் சவ்வுக்கு வெளியே ஒரு வலைச்சுவரும் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் சர்க்கரைச் சங்கிலிகள் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் சிறு கயிறுகள் அமினோ அமிலங்களால் ஆனவை. பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் அதிகம், சில வகைகளில் கார் டயரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அந்த வலை இறுக்கமாக இருக்கும்வரைதான் அது வெடிக்காமல் நிற்கும்.

பாக்டீரியா வளர வேண்டுமென்றால் இந்த வலையை அங்கங்கே அவிழ்த்து, புதுக் கயிறு சேர்த்து, மறுபடி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடுகிற வேலையை ஒரு நொதி செய்கிறது. பென்சிலினின் வடிவம், அந்த நொதி வழக்கமாகப் பிடிக்கிற கயிற்று நுனியைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து பென்சிலினைப் பிடித்துவிடும். பிடித்தால் விட முடியாது, அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவிழ்க்கிற வேலை நடந்துகொண்டே இருக்க, முடிச்சுப் போட ஆள் இல்லை. வலை பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. நம் உயிரணுக்களுக்குச் சுவரே கிடையாது. அதனால் பென்சிலினுக்கு நம்மிடம் உடைக்க எதுவும் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களை விட்டுவிட்டால், இவ்வளவு பாதுகாப்பான மருந்து கிடைத்தது மனிதகுலத்தின் அதிர்ஷ்டம் என்றே நான் நினைக்கிறேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வளர்கிற பாக்டீரியாதான் சுவரை அவிழ்த்துக் கட்டும். வளராமல் தூங்கிக் கிடக்கிற பாக்டீரியாவைப் பென்சிலின் ஒன்றும் செய்யாது. காசநோய்க்கு வரும்போது இந்த இடத்துக்குத் திரும்புவோம்.

1928இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டதும், ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதை மருந்தாக்கியதும் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் பென்சிலின் எல்லா பாக்டீரியாவையும் கொல்லவில்லை. ஏன் என்பதற்கான தடயம் அதற்கு 44 ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது.

1884. பெர்லினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகப் பார்க்க ஒரு சாயமுறையைத் தேடினார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் ஊற்றி, பிறகு ஆல்கஹாலில் கழுவினார். சில பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் வைத்துக்கொண்டன, சிலவற்றில் சாயம் கழுவிப் போய்விட்டது. சாயம் போனவற்றையும் பார்ப்பதற்காக, பின்னால் வந்தவர்கள் மேலே ஒரு சிவப்புச் சாயத்தைச் சேர்த்தார்கள். ஊதாவாகத் தெரிவது கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிவது கிராம் நெகட்டிவ். இன்றைக்கும் சீழோ சளியோ ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் நாங்கள் முதலில் செய்வது இந்தச் சாயம்தான். பத்து நிமிட வேலை. அந்த நிறத்தை வைத்தே மருத்துவர் பாதி மருந்துகளை ஒதுக்கிவிடலாம்.

நிறம் ஏன் மாறுகிறது? கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு வலைச்சுவர் அடுக்கடுக்காகத் தடிமனாக இருக்கும். சாயம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே வேறு தடுப்பு இல்லை, வலையின் கண்களும் பெரியவை. மருந்து சுலபமாக உள்ளே போகும். தோலில் கொப்புளமும் கட்டியும் உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ், தொண்டையில் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரண்டும் இந்த வகை.

கிராம் நெகட்டிவ் வகைக்கு வலைச்சுவர் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பால் ஆன இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். பார்க்கிற கோட்டைச் சுவர் மெலிதாக இருக்கிறதே என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், வெளியே அகழி இருக்கிறது. அந்த வெளிச்சவ்வில் தண்ணீரும் சத்தும் உள்ளே வரச் சின்னச் சின்னப் புரதத் துளைகள் உண்டு. அந்தத் துளை வழியே நுழைய முடிந்த மருந்துக்குத்தான் பொதுவாக வேலை. சிறுநீர்த் தொற்றில் நாங்கள் அதிகம் பார்க்கும் ஈ.கோலை, மருத்துவமனைகளில் பெரும் தொல்லையாக இருக்கும் கிளெப்சியெல்லா, டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா எல்லாம் இந்தக் கூட்டம்.

இப்போது 'பவர்' கணக்கை வைத்துப் பார்ப்போம். வான்கோமைசின் என்றொரு ஊசி மருந்து உண்டு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தான நிலையில் ஐ.சி.யூ.வில் கொடுப்பார்கள். கேட்பவர்களுக்கு அதைவிடப் பலமான மருந்து இல்லை என்றே தோன்றும். அதே வான்கோமைசினை ஈ.கோலை தொற்றுக்குக் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. அதன் மூலக்கூறு பென்சிலினைப் போல நான்கு மடங்குக்கு மேல் எடை கொண்டது, அந்தத் துளைக்குள் நுழையாது. இதற்கு நேர் எதிர், கோலிஸ்டின். அது வேலை செய்வதே அந்த வெளிச்சவ்வைப் பிய்த்துத்தான். வெளிச்சவ்வே இல்லாத ஸ்டாஃபைலோகாக்கஸிடம் அது செல்லாக்காசு. இரண்டுமே கடைசிக் கட்ட மருந்துகள். ஒன்றின் எதிரியிடம் மற்றதற்கு வேலை இல்லை.

முதல் பென்சிலினுக்கும் இந்தத் துளைதான் தடையாக இருந்தது. வேதியியலாளர்கள் அதன் மூலக்கூறில் ஒரு சிறு அமினோ தொகுதியைச் சேர்த்து, துளை வழியே நுழையும்படி மாற்றினார்கள். 1961இல் ஆம்பிசிலின் வந்தது. அத்தை டப்பாவில் வைத்திருந்த அமாக்சிசிலின் அதன் நெருங்கிய உறவு.

அப்படியென்றால் அமாக்சிசிலின் ஈ.கோலையைக் கொன்றிருக்க வேண்டுமே? ஆரம்பத்தில் கொன்றது. இன்று நம் ஊரில் திரியும் ஈ.கோலையில் பெரும்பாலானவை பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. உள்ளே வரும் பென்சிலின் வகையை அது கத்தரித்துப்போடும். இத்தகைய நொதியைப் பற்றி ஆபிரகாமும் செயினும் எழுதியது 1940இல், அதாவது பென்சிலின் மனிதர்களுக்கு மருந்தாகப் பயன்படும் முன்பே.

625 மாத்திரையின் கதை இங்கேதான் வருகிறது. அதில் 625 மில்லிகிராம் அமாக்சிசிலின் இல்லை. அதே 500தான். மீதி 125, கிளாவுலானிக் அமிலம் என்ற வேறொரு பொருள். அது தனியாகப் பாக்டீரியாவைக் கொல்வது மிகக் குறைவு. அதன் வேலை, கத்தரிக்கோல் நொதியின் வாயில் போய் மாட்டிக்கொண்டு அதை அடைத்துவிடுவது. அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் சுவரை உடைக்கும். கத்தரிக்கோல் இல்லாத கிருமிக்கு இந்த 125 சும்மா வயிற்றைக் கலக்குவதற்குத்தான் உதவும். தொண்டைப் புண் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இத்தனை ஆண்டுகள் கழித்தும் சாதாரணப் பென்சிலினுக்கே அடங்குகிறது. அதற்கு 625 தேவையே இல்லை. (தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைரஸுக்குச் சுவரும் கிடையாது, நாம் அடுத்துப் பார்க்கப்போகிற ரைபோசோமும் கிடையாது. அங்கே எந்த ஆன்டிபயாடிக்குக்கும் பிடிக்க இடம் இல்லை.)

சுவரை விட்டு உள்ளே போவோம். பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் எந்திரம் ரைபோசோம். நமக்கும் அது உண்டு, ஆனால் அளவிலும் அமைப்பிலும் கொஞ்சம் வித்தியாசம். அந்தக் கொஞ்சம் போதும். ரைபோசோமில் சிறிய துண்டு ஒன்று, பெரிய துண்டு ஒன்று. டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் சிறிய துண்டில் போய் உட்காரும். அசித்ரோமைசின், குளோராம்ஃபெனிகால், லினசோலிட் பெரிய துண்டில். சில மருந்துகள் எந்திரத்தை நிறுத்திவிடும், ஜென்டாமைசின் போன்றவை தப்புத் தப்பாகப் புரதம் தயாரிக்க வைக்கும். சிறிய துண்டின் அணு அளவிலான அமைப்பையும், அதில் மருந்துகள் எங்கே ஒட்டுகின்றன என்பதையும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுக்களில் ஒன்றின் தலைவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் படங்களில் மருந்து மூலக்கூறு ரைபோசோமின் ஒரு சந்தில் கச்சிதமாக அமர்ந்திருப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியாவினுடையதைப் போலவே இருக்கும். லினசோலிடை வாரக்கணக்கில் கொடுக்கும்போது ரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று மருத்துவர்கள் பரிசோதித்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

வேறு இலக்குகளும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்யும் நொதியைத் தாக்குகிறது. சல்ஃபா மருந்துகள், பாக்டீரியா தனக்குத்தானே ஃபோலேட் தயாரிப்பதைத் தடுக்கின்றன. நாம் ஃபோலேட்டைக் கீரையிலும் பருப்பிலும் சாப்பிட்டுப் பெறுகிறோம், அதனால் நமக்கு அந்த இழப்பு இல்லை.

பல் வலிக்குப் போனால் பல் மருத்துவர் இரண்டு ஆன்டிபயாடிக் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும். பல்லடியில் சீழ் கட்டிய இடத்தில் காற்றே படாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கும். மெட்ரோனிடசோல் விழுங்கும்போது செயலற்ற பொருள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிக்குள் போனதும் அந்தக் கிருமியின் சொந்த வேதிவினையே அதை நஞ்சாக மாற்றி, கிருமியின் டி.என்.ஏ.வை உடைக்கும். ஜென்டாமைசினுக்கோ எதிர்ப் பிரச்சினை. அது கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும், அங்கே அது பயன்படாது.

இனி, இந்தப் பிரிவுகளுக்குள் அடங்காத கிருமிகள். மைக்கோபிளாஸ்மா என்றொன்று நிமோனியா தரும். அதற்குச் சுவரே இல்லை. சுவர் இல்லாதவனிடம் பென்சிலின் என்ன செய்யும்? அங்கே அசித்ரோமைசின் அல்லது டாக்சிசைக்ளின்தான்.

காசநோய்க் கிருமியோ சுவரின் மேல் மெழுகு பூசிக்கொண்டது. கிராம் சாயம்கூடச் சரியாக ஏறாது, தனிச் சாயமுறை வேண்டும். அந்த மெழுகு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. ஐசோனியசிட் என்ற மருந்து அந்த மெழுகு தயாராவதையே தடுக்கிறது. ரிஃபாம்பிசின், மரபணுவைப் படியெடுக்கும் நொதியை நிறுத்துகிறது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கி நோயாளிகளைப் பயமுறுத்துவதும் அதுதான், அதில் ஆபத்தில்லை. நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு முக்கால் நாளுக்கு மேல் ஆகும். அதிலும் ஒரு பகுதி வளராமல் உறங்கிக் கிடக்கும். வளர்கிறவற்றைத்தான் பல மருந்துகள் நன்றாகக் கொல்லும் என்று முன்பு பார்த்தோமே, ஆறு மாதச் சிகிச்சைக்குப் பெரிய காரணம் இந்த உறக்கம். அமிலச் சூழலில் உறங்குகிறவற்றைப் பிடிக்கவே பைரசினமைடு சேர்க்கப்படுகிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு அடங்காத சில கிருமிகள் தப்பிப் பெருகும் என்பதை 1940களின் ஸ்ட்ரெப்டோமைசின் அனுபவம் காட்டியது. அதனால்தான் நாலு மருந்து சேர்ந்து வருகிறது.

சென்னைக்கு இதில் மறக்கக் கூடாத பங்கு உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீட்டில், நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து படுத்துக்கிடக்க வேண்டிய காலம் அதோடு முடியத் தொடங்கியது. சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது இன்றும் இயங்குகிறது.

உண்ணிக் காய்ச்சல் என்று செய்திகளில் வரும் ஸ்க்ரப் டைபஸ் இன்னொரு விதம். அதன் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழும். வெளியே ரத்தத்தில் மிதக்கும் மருந்து எவ்வளவு இருந்தாலும் அதற்கு என்ன? நம் உயிரணுவுக்குள் புகக்கூடிய மருந்து வேண்டும். பென்சிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கேட்காத இந்தக் காய்ச்சல் டாக்சிசைக்ளினில் ஓரிரு நாளில் இறங்குவது பலமுறை நடப்பது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவருக்குச் சட்டென்று பிடிபடும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிட நல்ல பலன் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. ஒன்று ரைபோசோமின் சிறிய துண்டில் உட்காருகிறது, மற்றது பெரிய துண்டில். ஒரே எந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது போல.

அத்தைக்கு வருவோம். மிச்ச மாத்திரை அவருடைய சிறுநீர்ப்பையில் வேலை செய்யவில்லை, ஆனால் குடலில் செய்திருக்கும். அங்கே நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்த எத்தனையோ பாக்டீரியாக்களை அது கொன்றிருக்கும். கத்தரிக்கோல் வைத்திருந்தவை தப்பித்து, காலியான இடத்தில் பெருகியிருக்கும். அந்த நொதிக்கான மரபணுவைப் பல பாக்டீரியாக்கள் சிறு டி.என்.ஏ. வளையமாகப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றவும் செய்யும். ஆன்டிபயாடிக் அட்டைகளில் நெடுக்கே ஒரு சிவப்புக் கோடு இருப்பதைக் கவனியுங்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அதற்குப் பொருள். மிச்சம் வைத்து இன்னொரு நாள் போடுவதும் சீட்டு இல்லாமல் வாங்குவதும் ஒன்றுதான்.

அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். காய்ச்சல் இல்லை, இடுப்பு வலி இல்லை, தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்று பார்த்துவிட்டு யூரின் கல்ச்சருக்கு எழுதிக் கொடுத்தார். சிறுநீரைத் தட்டில் தடவி ஒரு நாள் வைத்தால் கிருமி வளரும். அது எது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு மருந்திலும் எவ்வளவு செறிவு இருந்தால் அதன் வளர்ச்சி நிற்கிறது என்று அளப்போம். அந்த எண்ணுக்கு எம்.ஐ.சி. என்று பெயர். பக்கத்தில் எஸ் என்று போட்டிருந்தால் அடங்கும், ஆர் என்று போட்டிருந்தால் அடங்காது.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை மறுபடி கூப்பிட்டார். ஈ.கோலை. அமாக்சிசிலின் வகைக்கு ஆர். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எண் 1, ஆனால் ஆர். நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு எண் 16, ஆனால் எஸ்.

"1 போதும்னா அதுதானே பவர்? 16 வேணும்ங்கிறத எதுக்கு எழுதியிருக்காரு?"

நைட்ரோஃப்யூரன்டாயின் ரத்தத்தில் ஏறக்குறைய நிற்பதே இல்லை அத்தை, விழுங்கினால் நேரே சிறுநீரில் போய்ச் சேர்ந்துவிடும் என்றேன். சிறுநீர்ப்பையில் அது 16ஐத் தாண்டி எங்கோ இருக்கும். சிப்ரோ அப்படியில்லை. அது ரத்தத்திலும் உறுப்புகளிலும் பரவலாகப் போகிற மருந்து, அந்தக் கணக்கில் 0.25க்குள் நின்றால்தான் அடங்கும் கிருமி என்று எழுதுவோம். ஒவ்வொரு மருந்துக்கும் அதனதன் எல்லைக்கோடு, ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். நுரையீரலில் சளி கட்டினால் இதே நைட்ரோஃப்யூரன்டாயின் எதற்கும் ஆகாது.

"அந்த ஐ.சி.யூ. ஊசின்னு சொன்னியே, வான்கோ… அது இதுல எங்க இருக்கு?"

இல்லை. ஈ.கோலை ரிப்போர்ட்டில் அந்த வரியே இருக்காது. துளைக்குள் நுழையாத மருந்தை நாங்கள் சோதிப்பதில்லை.